சான் ரமோன் பள்ளத்தாக்கில் வீடு: தெரு மாறினால் கணக்கும் மாறும்

கலிபோர்னியாவின் பே ஏரியாவில், டயாப்லோ மலைக்கு மேற்கே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது சான் ரமோன் பள்ளத்தாக்கு. கிழக்கே 3,849 அடி உயர டயாப்லோ, மேற்கே லாஸ் டிராம்பஸ் முகடு, நடுவே 680 நெடுஞ்சாலை. அரை நூற்றாண்டுக்கு முன்புவரை பேரிக்காய்த் தோப்பும் வால்நட் தோப்பும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இடம். இன்று பள்ளிக்கூடத்துக்காகவும், இரவு பத்து மணிக்கும் பயமில்லாமல் நடக்க முடிகிற தெருக்களுக்காகவும் குடும்பங்கள் தேடி வரும் ஊர்கள் இவை. தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பார்க்கிறார்கள்: சமையலறை எவ்வளவு பெரிசு, கீழ்த்தளத்தில் அப்பா அம்மாவுக்கு ஒரு படுக்கையறை உண்டா, வாசல் எந்தத் திசை. இவை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் வசதியும் செலவும் வீட்டுக்குள் இல்லை. வீட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் கோடுகளில் இருக்கின்றன. பள்ளி எல்லை, வரி எல்லை, தண்ணீர் வாரிய எல்லை, நிலநடுக்க மண்டலம், தீ மண்டலம். ஒரே விலையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடுகள் இந்தக் கோடுகளால் இரண்டு வெவ்வேறு வாழ்க்கையாகிவிடும்.

முதலில் ஊர்கள். வடக்கே அலமோ, நகராட்சியே கிடையாது, பெரிய மனைகள், பல தெருக்களில் நடைபாதை இல்லை. அடுத்து டான்வில், 1982இல் நகரமானது. ஹார்ட்ஸ் அவென்யூவை ஒட்டிப் பழைய கடைத்தெருவும் ஓக் மரங்களும். அதன் கிழக்கே, வாயிற்கதவும் கோல்ஃப் மைதானமுமாக பிளாக்ஹாக். தெற்கே சான் ரமோன், 1983இல் நகரமானது, 2020 கணக்கெடுப்பில் 84,605 பேர். பிஷப் ராஞ்ச் என்ற 585 ஏக்கர் அலுவலக வளாகமும், ரென்சோ பியானோ வடிவமைத்து 2018இல் திறந்த சிட்டி சென்டரும் இங்கேதான். சான் ரமோனின் கிழக்கு ஓரத்தில் டாகர்ட்டி பள்ளத்தாக்கு: கேல் ராஞ்ச், விண்டமீர் என்ற இரண்டு பெரிய திட்டங்களாக, 11,000 வீடுகள் என்று வரைபடம் போட்டுக் கட்டியது. நம்மவர்கள் ‘சான் ரமோன்’ என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் தெற்கே டப்ளின். அது வேறு மாவட்டம், அலமீடா. மேலே சொன்னவை எல்லாம் கான்ட்ரா கோஸ்டா மாவட்டம். அல்கோஸ்டா சாலைப் பக்கம் போனால் மாவட்ட எல்லை எப்போது தாண்டியது என்றே தெரியாது. ஆனால் பள்ளி நிர்வாகம், விற்பனை வரி, மின்சாரம் வாங்கித் தரும் அமைப்பு எல்லாம் அங்கே மாறிவிடுகின்றன.

பள்ளிதான் முதல் காரணம் என்பதால் அதையே முதலில் பேசலாம். அலமோ முதல் டாகர்ட்டி வரை சான் ரமோன் பள்ளத்தாக்கு ஒன்றிணைந்த பள்ளி மாவட்டம். டான்வில்லில் மான்ட்டே விஸ்டா, சான் ரமோன் வேலி என இரண்டு உயர்நிலைப் பள்ளிகள்; சான் ரமோனில் கலிபோர்னியா ஹை, 2007இல் திறந்த டாகர்ட்டி வேலி ஹை. டப்ளினுக்குத் தனிப் பள்ளி மாவட்டம். அங்கே டப்ளின் ஹையோடு, 2024இல் எமரால்ட் ஹையும் சேர்ந்துகொண்டது.

வீடு விற்கும் இணையதளம் காட்டும் பள்ளிப் பெயரை நம்பி யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. பள்ளி மாவட்டத்தின் சொந்த இணையதளத்தில் முகவரியை இட்டுத் தேடும் வசதி இருக்கிறது. கதவு எண்ணோடு இட்டுப் பாருங்கள். பிறகு அலுவலகத்தைக் கூப்பிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா? எல்லைகளை மாற்றும் பேச்சு ஏதாவது நடக்கிறதா? எல்லைக்குள் வீடு இருந்தாலும், அந்த வகுப்பு நிரம்பியிருந்தால் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்ப மாவட்டத்துக்கு உரிமை உண்டு. நடுவகுப்பில், நடு ஆண்டில் வந்து சேர்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சேர்க்கைக்குக் குடியிருப்புச் சான்று கேட்பார்கள்: வாடகை ஒப்பந்தமோ வீட்டுப் பத்திரமோ, கூடவே மின்சார, தண்ணீர் பில். இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் தடுப்பூசி அட்டையில் வெரிசெல்லா, ஹெபடைடிஸ் பி தேதிகள் இருக்கின்றனவா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. அது இல்லாமல் சேர்க்கை தள்ளிப்போவது வழக்கமான கதை.

இந்தப் பள்ளிகளின் மதிப்பெண் பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஆறாம் வகுப்பிலேயே கணக்கில் ஒரு வருடம் முந்தவேண்டும் என்ற பரபரப்பு, மாலை முழுக்க டியூஷன், ஒரே வகுப்பில் முப்பது பேர் ஒரே கல்லூரிக் கனவோடு இருப்பது. நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளை ‘நான் மக்கு’ என்று முடிவுகட்டிவிடும் அபாயம் நிஜம். உயர்நிலைப் பள்ளியில் நுழையும் வயதுப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு டாகர்ட்டி வேலியை விட கலிபோர்னியா ஹையோ டப்ளினோ பொருந்தலாம் என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னால் ஏற்கெனவே டாகர்ட்டியில் வீடு வாங்கியவர்களுக்குக் கோபம் வரும்.

அடுத்து பணம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். வீடு 18 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20% முன்பணம், அதாவது 3,60,000. கடன் 14,40,000. வழக்கமான வீட்டுக் கடனுக்கு 2025இல் இருந்த 12,09,750 வரம்பைத் தாண்டுவதால் இது ஜம்போ கடன், அதாவது வரம்பு மீறிய பெரிய கடன். வங்கி கையிருப்பு, வருமானம் இரண்டையும் கடுமையாகச் சோதிக்கும். 6.5% வட்டியில் 30 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 9,100. சொத்து வரி 1978இல் மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கிய 13ஆவது முன்மொழிவின்படி வாங்கிய விலையில் 1%; அதன்மேல் மக்கள் வாக்களித்து ஏற்ற பள்ளி, பூங்காக் கடன்பத்திரங்கள். எல்லாம் சேர்த்து 1.15% என்று வைத்தால் வருடம் 20,700, மாதம் 1,725. காப்பீடு 250, குடியிருப்போர் சங்கச் சந்தா 150 என்றாலும் மாதம் 11,200 டாலரைத் தாண்டிவிடுகிறது. இதற்கு மேல்தான் சிறப்பு வரிகள்.

சிறப்பு வரிகளில் முதலாவது மெல்லோ-ரூஸ். 1982இல் இதைச் சட்டமாக்கிய இரண்டு உறுப்பினர்களின் பெயர். புதுக் குடியிருப்பின் சாலை, சாக்கடை, பூங்காவுக்கு வாங்கிய கடனை அங்கே குடிவருபவர்களே அடைக்கும் ஏற்பாடு. டப்ளினின் புதிய பகுதிகளில் இது பெரிய தொகை. டாகர்ட்டியில் பராமரிப்புக்காக எம்-29 என்ற மாவட்டச் சேவைப் பகுதி தனியே வசூலிக்கிறது. விண்டமீர்ப் பகுதியில் மதிப்பீட்டு மாவட்டம் என்று இன்னொன்று. மலைச்சரிவுக் குடியிருப்புகளான பிளாக்ஹாக், கேன்யன் லேக்ஸ் போன்றவற்றில் நிலச்சரிவைத் தடுக்கவும் சரிசெய்யவும் என்றே மண் அபாயத் தடுப்பு மாவட்டங்கள் உண்டு. அந்தப் பணமும் சொத்து வரி பில்லிலேயே வரும். ஆகவே வீட்டு விளம்பரத்தில் உள்ள வரித் தொகையைப் பார்க்காதீர்கள். மாவட்ட வரி வசூலிப்பாளரின் தளத்தில் அந்த மனை எண்ணை இட்டு, பழைய பில்லை இறக்கி, அதன் கீழ்ப் பாதியைப் படியுங்கள். மேல் பாதி விற்பவரின் பழைய மதிப்பின் மேல் போட்டது, உங்களுக்கு மாறும். கீழ்ப் பாதியில் உள்ள நிலையான தொகைகள் அநேகமாக அப்படியே உங்களுக்கும் வரும். எந்த ஆண்டில் முடிகிறது என்பதையும் கேளுங்கள். சில கடன்பத்திரங்கள் முடிய இருபது வருடம் பாக்கியிருக்கும்.

வாங்கிய சில மாதங்களில் வந்து அதிரவைப்பது துணை வரி பில். விற்பவர், வரி மதிப்பை வேகமாக ஏறவிடாத 13ஆவது முன்மொழிவின் தயவில், 8 லட்சம் மதிப்புக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் 18 லட்சத்துக்கு வாங்கினீர்கள். வித்தியாசம் 10 லட்சம். அக்டோபரில் வாங்கினால், நவம்பர் 1 முதல் ஜூன் வரை எட்டு மாதத்துக்கு அந்த வித்தியாசத்துக்கான வரி: 11,500இல் 0.67 பங்கு, சுமார் 7,700 டாலர். ஜனவரி முதல் மே முடிய வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு பில் வரும். வங்கி உங்கள் தவணையோடு வரியையும் சேர்த்துப் பிடித்தாலும், இந்தப் பில்லை அது பெரும்பாலும் கட்டாது. நேராக உங்கள் பெயருக்குத் தபாலில் வரும். அதை விளம்பரக் கடிதம் என்று ஒதுக்கி வைத்தால் 10% அபராதம். வழக்கமான தவணைகளுக்குக் கடைசி நாள் டிசம்பர் 10, ஏப்ரல் 10.

மத்திய அரசின் வருமான வரியில் எல்லாம் கழிந்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். வட்டிக் கழிவு முதல் 7,50,000 டாலர் கடனுக்குத்தான்; 14,40,000இல் பாதியை ஒட்டி. மாநில, உள்ளூர் வரிக் கழிவின் உச்சவரம்பு 2025இல் 40,000 ஆனது, ஆனால் வருமானம் சுமார் 5 லட்சத்தைத் தாண்டினால் குறையத் தொடங்கும். மெல்லோ-ரூஸ் பெரும்பாலும் கழிவுக்கே வராது.

மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி விரலளவு வெடிக்கும். அதனால்தான் டாகர்ட்டி போன்ற புதிய பகுதிகளில் அடித்தளக் கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். காரேஜ் தரையில் ‘வெட்டாதே, துளையிடாதே’ என்று முத்திரை இருந்தால் அதுதான். குளியலறையை இடம் மாற்றுகிறேன் என்று ஒப்பந்தக்காரர் தரையை வெட்டி ஒரு வடத்தை அறுத்தால், செலவு குளியலறைச் செலவை விட அதிகம். முதலில் ஸ்கேன் எடுத்து வடம் போகும் தடத்தைக் குறிக்கவேண்டும். மழைக்குழாய்த் தண்ணீர் சுவரோரம் விழாமல் ஐந்தாறு அடி தள்ளி விழட்டும். வீட்டைச் சுற்றி முதல் 10 அடியில் தரை 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரியவேண்டும். கோடையில் வீட்டோரச் சொட்டுநீரை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் வறட்சி என்றால்தான் கதவு இறுகும், ஜன்னல் மூலையில் சுவர் கீறும். மயிரிழைக் கீறலுக்குப் பயப்படவேண்டாம். கால் அங்குலம் விரிந்து, இரு பக்கமும் மட்டம் மாறியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்கவேண்டும்.

டான்வில், மேற்குச் சான் ரமோன் பக்கத்து 1960, 70களின் வீடுகளுக்கு வேறு பட்டியல்: தரைக்கடியில் தவழ்ந்து பார்க்கவேண்டிய இடைவெளி, துருப்பிடித்த வார்ப்பிரும்புச் சாக்கடைக் குழாய், அஸ்பெஸ்டாஸ் கலந்த சொரசொர உட்கூரை, பழைய ஃபெடரல் பசிபிக் மின்பலகை. சாக்கடைக் குழாயில் கேமரா விட்டுப் பார்க்கச் சில நூறு டாலர் ஆகும். அதை மிச்சப்படுத்தக் கூடாது.

பள்ளத்தாக்கின் மேற்கு ஓரமாகவே கலவெராஸ் பிளவு ஓடுகிறது. 2015 அக்டோபரில் சான் ரமோனில் நூற்றுக்கணக்கான சிறு அதிர்வுகள் வாரக்கணக்கில் தொடர்ந்தன. விற்பவர் தரவேண்டிய இயற்கை அபாய அறிக்கையில், மனை பிளவு மண்டலத்துக்குள் வருகிறதா என்று இருக்கும். சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கத்துக்குப் பொருந்தாது. கலிபோர்னியா நிலநடுக்க ஆணையத்தின் பாலிசி தனி. அதில் 5% முதல் 25% வரை நம் பங்கு. வீட்டை 7 லட்சத்துக்குக் காப்பீடு செய்து 15% தேர்ந்தெடுத்தால், முதல் 1,05,000 டாலர் சேதம் நம் தலையில். அது சின்னச் சேதத்துக்கு அல்ல, வீடே போனால் காப்பாற்ற என்று புரிந்துகொண்டு வாங்கலாம். வெந்நீர்க் கொதிகலனைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா என்பதை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். சட்டமும் அதைக் கேட்கிறது.

தீ இன்னும் பெரிய தலைவலி. இலையுதிர் காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக்கே இந்த மலையின் பெயர்தான், டயாப்லோ காற்று. 2013இல் மலையில் பிடித்த மார்கன் தீ 3,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. வீடுகள் தப்பினாலும் காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குப் போட்டுவிட்டன. 2023இலிருந்து கலிபோர்னியாவில் சில பெரிய நிறுவனங்கள் புது வீட்டுப் பாலிசி எழுதுவதையே நிறுத்தின. புல்வெளி மலையைப் பின்வாசலாகக் கொண்ட அழகான வீடு என்றால், விலை பேசும் முன்பே முகவரியைக் கொடுத்துக் காப்பீட்டு மதிப்பீடு வாங்குங்கள். யாரும் எழுதாவிட்டால், மாநிலச் சட்டப்படி காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஃபேர் திட்டமும், அது விடும் ஓட்டையை அடைக்க இன்னொரு பாலிசியும் எடுக்கவேண்டிவரும். சேர்ந்து ஆண்டுக்குப் பல ஆயிரம். சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடியில் மரத்தூள், செடி, விறகு எதுவும் இல்லாமல் வைத்தால் தள்ளுபடியும் கிடைக்கும், தீப்பொறியும் ஒட்டாது.

வெயில் நமக்குப் பழக்கம்தான். சான் பிரான்சிஸ்கோவின் மூடுபனி இந்த மலைகளைத் தாண்டி வருவது குறைவு. ஜூலையில் 38 டிகிரி செல்சியஸ் வரும். ஆனால் சூரியன் சாய்ந்ததும் காற்று குளிர்ந்து 15 டிகிரிக்கு இறங்கும். அதனால் வீடு முழுக்கக் காற்றை இழுக்கும் கூரை விசிறி இங்கே ஏசியை விட நல்ல முதலீடு. மின்கட்டணம் மாலை 4 முதல் 9 வரை உச்சம், கோடையில் யூனிட் அரை டாலரை ஒட்டி. மூன்றரைக்குள் வீட்டைக் குளிரவைத்து, நாலு மணிக்கு ஏசியின் வெப்பநிலை அளவை ஏற்றிவிடுவது உள்ளூர் வழக்கம். சோலார் உள்ள வீடு என்றால், அது சொந்தமா குத்தகையா, 2023 ஏப்ரல் 15க்கு முன்பே விண்ணப்பித்து, மிச்ச மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கான பழைய விகிதத்தில் இணைந்ததா என்று கேளுங்கள். பழைய விகிதம் இணைத்த நாளிலிருந்து 20 ஆண்டுக்குச் செல்லும், வாங்குபவருக்கும் மாறும்.

தண்ணீரிலும் கோடு உண்டு. டான்வில்லும் சான் ரமோனின் பெரும்பகுதியும் சியரா மலைப் பனி உருகி வரும் மொகலம்னி ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன, மென்மையானது. டாகர்ட்டிக்கும் டப்ளினுக்கும் வேறு வாரியம். நிலத்தடி நீர் கலப்பதால் உப்புப் படியும். கெட்டிலில் வெள்ளையாகப் படிவது கண்ணுக்குத் தெரியும், டேங்க் இல்லாத கொதிகலனுக்குள் படிவது தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளை வினிகரை, சுமார் 15 லிட்டர், சிறு பம்பு வைத்து முக்கால் மணி நேரம் சுற்றவிட்டுக் கழுவவேண்டும். செய்யாவிட்டால் சில வருடத்தில் வெப்பமாற்றி போய்விடலாம்.

வேலை சான் பிரான்சிஸ்கோவில் என்றால் டப்ளின்–பிளெசண்டன் பார்ட் ரயில் நிலையம் கைகொடுக்கும். அந்நகர மையத்து எம்பார்க்கடேரோ நிலையத்துக்குச் சுமார் 50 நிமிடம். சான் ஹோசே, சாண்டா கிளாரா என்றால் 680இல் சுனோல் மேடுதான் விதி: காலையில் தெற்கே நெரிசல், மாலையில் வடக்கே. கட்டண விரைவுத் தடத்தில் மின்கார் ஸ்டிக்கருக்கு இருந்த சலுகை 2025 செப்டம்பர் 30ஓடு முடிந்தது. பிளெசண்டனிலிருந்து ஏஸ் ரயில் உண்டு, ஆனால் காலையில் போவதும் மாலையில் வருவதும் மட்டும். வாரம் இரண்டு நாள் அலுவலகம் என்றால் தாங்கும். ஐந்து நாள் என்றால் ஃப்ரீமான்ட்டையும் விலை கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் வருகிறார்கள்? மாலை ஐந்தரைக்கு டாகர்ட்டியின் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் தெரியும். சேலையில் ஸ்னீக்கர் போட்ட பாட்டிகள், குல்லாய் வைத்த தாத்தாக்கள், சைக்கிளில் பேரப்பிள்ளைகள். கார் ஓட்டத் தெரியாத அம்மா அப்பா ஆறு மாத விசாவில் வந்தால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான் அமெரிக்கப் புறநகரின் பெரிய சாபம். இங்கே அது பாதி தீர்கிறது. பள்ளி, நூலகம், பூங்கா மூன்றும் நடை தூரத்தில் உள்ள வீடாகப் பார்த்தால் முழுக்கத் தீரும். பழைய சதர்ன் பசிபிக் ரயில் தடத்தில் போட்ட அயர்ன் ஹார்ஸ் பாதை பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் ஓடுகிறது, மேடு பள்ளம் இல்லாமல். லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலும் கான்கார்ட் முருகன் கோயிலும் அரை மணி நேரச் சுற்றுக்குள். வார இறுதியில் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. டாகர்ட்டி வேலி பள்ளியின் கலையரங்கில் அரங்கேற்றத்துக்குத் தேதி கிடைக்க முன்பதிவு செய்து காத்திருக்கவேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மலைகள் பச்சை, பிறகு வைக்கோல் நிறம். அக்டோபரில் டயாப்லோ சரிவுகளில் ஆண் டரன்டுலாச் சிலந்திகள் துணை தேடி நடந்துபோகும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கோடையில் பாதை ஓரத்துப் புல்லில் மட்டும் காலை வைக்கவிடாதீர்கள், விரியன் பாம்பு உண்டு.

தயக்கம் இருந்தால் ஒரு பள்ளி ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே சரி. 2024 ஜூலை முதல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. ஆனால் தனிநபர் வைத்திருக்கும் தனி வீடுகளுக்கு மாநில வாடகை உச்சவரம்பு பெரும்பாலும் பொருந்தாது. அடுத்த ஆண்டு எவ்வளவு ஏறலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாங்குவது என்று முடிவானால், விற்பவரின் அறிக்கைக் கட்டை விலை சொல்லும் முன்பே முழுக்கப் படிக்கவேண்டும். முந்நூறு பக்கம் இருக்கும். போட்டியில் ஜெயிக்கச் சோதனை நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். விட்டுக்கொடுத்த பின் மனம் மாறினால் 3% வைப்புத்தொகை, 18 லட்சத்தில் 54,000 டாலர், போகலாம்.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் இந்த வீடு என்னாகும் என்பதையும் இப்போதே யோசிக்கலாம். கணவன் மனைவி சேர்ந்து விற்றால், கடைசி ஐந்தில் இரண்டு ஆண்டு குடியிருந்திருந்தால், லாபத்தில் 5 லட்சத்துக்கு வரி இல்லை. 55 வயது நிரம்பியவர்கள் 19ஆவது முன்மொழிவின்படி பழைய வரி மதிப்பைக் கலிபோர்னியாவுக்குள் எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம், மூன்று முறை வரை. பிள்ளைக்கு விட்டுச்செல்ல நினைத்தால் அந்தச் சலுகை இப்போது சுருங்கிவிட்டது: பிள்ளை ஓராண்டுக்குள் அங்கேயே குடிவரவேண்டும், சந்தை விலை பழைய வரி மதிப்பை விடச் சுமார் 10 லட்சத்துக்கு மேல் கூடியிருந்தால் அந்த மிச்சத்துக்கு வரி ஏறும். வாடகைக்கு விட்டுவிட்டு நியூயார்க்கில் இருக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் முழு விலைக்கும் புது வரி.